கழித்தது போக நேலி

முப்பது வயலின்களையும் வாசித்தது ஒரே ஒரு பெண். அவள் பெயர் கொர்னேலியா, வீட்டில் நேலி. அவளை முப்பது பேராக்கியது அவளுடைய தங்கை ஜெனோவா. தூத்துக்குடியில், துறைமுகச் சாலைக்குப் பின்னால் இருந்த வீட்டின் மேல் அறையில், சன்னலுக்கு மெத்தையைச் சாத்தி வைத்துக்கொண்டு அதைச் செய்தாள்.

அதற்குத் தேவைப்பட்டது சில மணி நேர வாசிப்பு மட்டும். 'கூடம்' என்ற மென்பொருள் ஒருவர் வாசிப்பதைக் கேட்கும். வில் எங்கே அழுந்துகிறது, விரல் எந்தச் சுரத்துக்கு முன் தயங்குகிறது என்பதையெல்லாம் கற்றுக்கொண்டு அவருடைய 'கை'யைச் செய்து கொடுத்துவிடும். பிறகு அந்த ஆள் வேண்டியதில்லை. சுரத்தை எழுதினால் கை வாசிக்கும். ஒரு கையை முப்பதாகப் பெருக்கினால், முப்பது பேர் முப்பது நாற்காலிகளில் உட்கார்ந்து வாசிப்பதுபோல் இருக்கும்.

பதிவு செய்த அன்று மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டார்கள். நேலியின் கழுத்தில் வியர்வை இறங்கியது.

"மோதிரத்தக் கழட்டுக்கா" என்றாள் ஜெனோ.

"எதுக்கு?"

"கை மேல ஏறும்போதெல்லாம் கட்டையில இடிச்சு டிக்குனு கேக்கு. வயலின் வாசிக்கிறவ எவளாவது இடது கையில மோதிரம் போடுவாளா?"

"அவிய போட்ட வெரல்ல கெடக்கு. ஒனக்கென்னளா?"

"கொஞ்ச நேரந்தான். அத்தான் கப்பல்ல இருந்து குதிச்சு நீந்தி வந்து பாக்கவா போறாவ?"

நேலி சிரித்துக்கொண்டே கழற்றி, மைக் நின்ற கம்பியில் மாட்டிவிட்டாள். அவளுடைய கணவன் ததேயு சரக்குக் கப்பலில் எந்திர அறை வேலைக்குப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. திரும்பி வர இன்னும் ஆறு மாதம் இருந்தது.

பதிவு முடிந்ததும் நேலி மோதிரத்தை மாட்டிக்கொண்டாள். ஜெனோ பதிவைச் சுத்தம் செய்தாள். வாசிக்கும்போது மூக்கால் பலமாக மூச்சு விடுவது நேலியின் பழக்கம். அதை எடுத்தாள். வில் திரும்பும் இடத்தில் வந்த பிசிறுகளை எடுத்தாள். சுதி ஒரு மயிரிழை இறங்கிய இடங்களை ஏற்றி வைத்தாள். கைக்கு 'நேலி' என்றே பெயர் வைத்தாள். கடைசியில் கூடம் ஒரு கேள்வி கேட்டது: இந்தக் கையை மற்றவர்களும் பயன்படுத்த அனுமதித்தால் கட்டணம் இல்லை. சம்மதமா?

"போடேன்" என்று நேலியே கட்டைவிரலைத் திரையில் வைத்தாள். "உப்புக்காத்துல கம்பி துருப்பிடிச்ச வயலினு. இத எவன் கேக்கப் போறான்?"

ஜெனோவுக்கு ஆட்களிடம் பேச வராது. கடைக்குப் போனால்கூட என்ன வேண்டும் என்று கையால் காட்டுவாள். ஆனால் சத்தங்களைக் கோப்பதில் அவளுக்குப் பயம் கிடையாது. குளிர்சாதனப் பெட்டியின் முனகல், உப்பு லாரி பின்னால் வரும்போது எழுப்பும் கூவல், துறைமுகத்துச் சங்கொலி எல்லாவற்றையும் பிடித்து, இழுத்து, நீட்டி, அடியில் ஓடும் மின்னொலியாக மாற்றியிருந்தாள். அதன் மேல் முப்பது நேலிகளை ஏற்றினாள். ஒரு மதியம் முழுக்க அந்த அறைத் தரை அதிர்ந்தது.

பாட்டு போன இடமெல்லாம் அவளுக்கே தெரியாது. ஆனால் பாட்டைவிட வேகமாகப் போனது அந்தக் கை. எந்த ஊர்க்காரர்களோ தங்கள் வீட்டு அறைகளில் இருந்தபடி நேலியை எடுத்து வாசிக்க வைத்தார்கள். சோப்பு விளம்பரத்தில் நேலி வந்தாள். மீன் வாங்கப் போன இடத்தில், மீன்காரம்மாவின் கைபேசியில் யாருடைய கல்யாணப் படத்துக்கோ வாசித்தாள்.

"ஏளா, இதெல்லாம் நான் எப்பம் வாசிச்சேன்?" என்று கூடையோடு வந்து நின்றாள் அக்கா.

"நீ வாசிக்கல. நேலி வாசிச்சா."

ததேயு கப்பலில் இருந்து குரல் செய்தி அனுப்பியிருந்தான். "ஏ நேலி, ஜெனோ பாட்டு கேட்டேன். இதுவரைக்கும் நீ வாசிச்சதுலயே இதுதான் ஒசத்தி." அதன் பிறகு எதையோ சொல்ல வந்து நிறுத்தியதுபோல் கொஞ்சம் எந்திர இரைச்சல் மட்டும் கேட்டது. நேலி கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். அன்றைக்கு மீனில் உப்பு கூடிவிட்டது.

*

தெருக்கோடியில் இருந்த அந்தோணியார் கோயிலில் கொடியேறியது. திருவிழா என்றால் பாடகர் குழுவுக்கு நேலிதான் வயலின். கடைசி நாள் மாலையில் தேர் கிளம்பும் முன்பு அவள் தனியாக ஒரு பாட்டை வாசித்து முடித்தால்தான் தேர் நகரும். கடலில் இருக்கும் ஆண்கள் எல்லாரும் அதை நேரலையில் கேட்பார்கள். ததேயு கப்பலில் இருந்த வருடங்களில் ஒருமுறைகூட அதைத் தவறவிட்டதில்லை.

அந்த வருடம் புது ஒலிபெருக்கிகள் வந்திருந்தன. உரிமம் இல்லாத இசை பொது இடத்தில் ஒலிக்கக் கூடாது என்ற சட்டத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட இசையைத் தாமே தடுத்துவிடும் பெட்டிகளைத்தான் விற்றார்கள். நேரலையும் அவற்றின் வழியேதான் போனது. கொடியேற்றத்தன்று நேலி வில்லை இழுத்தாள். பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது. வெளியே மைதானத்தில் நின்ற கூட்டத்துக்குப் பாட்டும் கேட்டது, கீபோர்டும் கேட்டது. வயலின் மட்டும் கேட்கவில்லை.

"நேலியக்கா ஊமைப்படம் காட்டுதாவ!" என்று யாரோ கத்த, கூட்டம் சிரித்தது.

வீட்டுக்கு வந்தபோது ததேயுவின் செய்தி காத்திருந்தது. "இன்னைக்கு நீ போகலையா? வயலினே கேக்கல. இடையில டிக் டிக்குனு லைன் வேற கோளாறு. ஒடம்புக்கு என்னமும் பண்ணுதா?"

நேலி காய்ச்சல் என்று பதில் போட்டாள். நின்றுகொண்டே போட்டாள். அதன் பிறகு அவள் உட்காரவே இல்லை. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் ஜெனோ கூடத்தின் உதவி மையத்தை அழைத்து, மறுமுனையில் குரல் வந்ததும் கைபேசியை அக்காவிடம் தள்ளிவிட்டாள்.

"வணக்கம், நான் ஹர்ஷினி. சொல்லுங்க மேடம்."

"நான் வயலின் வாசிச்சா ஸ்பீக்கர்ல கேக்க மாட்டேங்கு."

"என்ன பாட்டு மேடம்?"

"எந்தப் பாட்டுமே கேக்கல."

ஹர்ஷினி எந்தக் கோயில், எந்த நாள் என்று கேட்டுத் தட்டச்சு செய்தாள். "நீங்க வாசிக்கிறது 'நேலி'ங்கிற கையோட நகல்னு வருது மேடம். உரிமம் இல்லாத நகலை ஒலிபெருக்கி கழிச்சிடும்."

"நாந்தான் நேலி."

"அப்போ ரொம்ப ஈஸி மேடம்! அசல் சான்று வாங்கிக்கலாம். கேமரா முன்னாடி கொஞ்ச நேரம் வாசிங்க."

நேலி வாசித்தாள். ஹர்ஷினி காத்திருக்கச் சொன்னாள். காத்திருக்கும் நேரத்தில் ஒலித்த இசையிலும் நேலிதான் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், எழுபத்தொன்பது வருது. சான்று தர தொண்ணூத்தஞ்சு இருக்கணும்."

"எழுபத்தொம்பதுன்னா?"

"நீங்க எழுபத்தொன்பது சதவீதம் நேலி."

"மிச்சம் யாரு?"

"அது... பிழைன்னு காட்டுது மேடம்."

"அப்பம் நான் நேலி இல்ல. சரி. நகலும் இல்லேல்லா? என்ன விட்டுர வேண்டியதானே?"

"அறுபதுக்கு மேல போனா நகல்தான் மேடம்." ஹர்ஷினி குரலைத் தாழ்த்தினாள். "தப்பா எடுத்துக்காதீங்க. நேலி உங்களைவிடக் கொஞ்சம் சுத்தமா வாசிக்கும்."

"நான் குடுத்த கைதானே. திருப்பிக் குடுங்க."

"நாப்பதாயிரம் பேர் நேலியை உபயோகிக்கிறாங்க மேடம். எடுத்துட்டா அத்தனை பேர் பாட்டுலயும் வயலின் காணாமப் போயிடும். பாவம் இல்லையா?"

அழைப்பு முடிந்தது. ஜெனோவின் குதிகால் தரையில் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் ஒரே இடத்தில் இருந்தாலும் உடம்பில் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்.

"நான்தான் தொடச்சேன்" என்றாள்.

"எத?"

"ஒன் மூச்சு. பிசிறு. சுதி எறங்குன எடம். எல்லாத்தையும் தொடச்சிட்டுத்தான் அதுகிட்ட குடுத்தேன்."

"ஏன், அது என்ன பாத்திரமாளா?"

நேலி வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். "எப்படித்தான் அமுக்குது அந்தப் பெட்டி?"

"அமுக்கல. நீ அடுத்தாப்புல என்ன வாசிப்பேன்னு அதுவே முன்கூட்டி நெனச்சுப் பாக்கு. நெனச்சதக் கழிச்சிட்டு மிச்சத்த வெளிய விடுது."

"என்ன மிச்சம் இருக்கும்?"

"பெருசா ஒண்ணும் இருக்காதுக்கா. அதுக்கு ஒன்ன நல்லாத் தெரியும்."

*

வேறு மாதிரி வாசிப்பது என்று முடிவு செய்தார்கள். நேலி வில்லை முஷ்டியால் பிடித்தாள். தாடையைத் தூக்கிக்கொண்டாள். தெரிந்த பாட்டைத் தெரியாததுபோல் தடுமாறி வாசித்தாள். ஒவ்வொரு முறையும் ஜெனோ மடிக்கணினியில் எண்ணைப் பார்த்துச் சொல்வாள். எண் மெல்ல மெல்ல இறங்கியது. பக்கத்து வீட்டு ஸ்டெல்லாம்மா மதில் மேலே தலையை நீட்டி, "பூனையப் போட்டு மிதிக்கியளா?" என்று கேட்டாள்.

நான்காம் நாள் மதியம் எண் அறுபதுக்குக் கீழே போனது. ஜெனோ வாங்கி வந்திருந்த சின்ன ஒலிபெருக்கியில் சத்தம் வந்தது.

"கேக்கு! அக்கா, கேக்கு!"

நேலி வில்லை இறக்கிவிட்டு, பதிவானதைத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டாள்.

"யாரு இவ?"

"நீதான்."

"இல்லளா. அவிய கேட்டா, எவளோ ஒருத்தி புதுசா வந்திருக்கா, பாவம் இன்னும் பழகணும்னு நெனைப்பாவ." வயலினைப் பெட்டியில் வைத்து மூடினாள். "நான் நல்லா வாசிச்சா நான் இல்ல. நான் இல்லாம வாசிச்சாத்தான் கேக்கும். நல்ல கதையா இருக்கே!"

அன்று சாயங்காலம் பாடகர் குழுத் தலைவர் ரெமிஜியுஸ் வந்தார். ஸ்கூட்டரை அணைக்காமலே வாசலில் நின்று பேசினார்.

"நேலி, கோவப்படாத. கீபோர்டுல நேலிக்கு உரிமம் வாங்கியாச்சு. கடைசி நாள் நான் கட்டைய அமுக்குதேன். நீ பக்கத்துல நின்னு வில்ல இழு. கேக்கிறவனுக்கு நீ வாசிக்க மாதிரியே இருக்கும்."

"நான் வாசிக்க மாதிரி நான் நடிக்கணுமாண்ணே?"

"ஒன் கைதானே தாயி, அடுத்தவ கையா? தேரு நிக்குமே. ததேயும் கேப்பான்லா."

கடைசியில் சொன்னதுதான் அவளை அசைத்தது. அவன் ஊர்க்கோயில் பாட்டைக் கேட்கக் கடலுக்கு நடுவே காத்துக்கொண்டிருப்பான். ஒன்றுமே கேட்காமல் இருப்பதைவிட, சுத்தமாக வாசிக்கும் நேலியைக் கேட்கட்டும். அவனுக்கு அதுதானே பிடித்திருந்தது. நேலி தலையாட்டினாள். ஸ்கூட்டர் போனதும் கதவைச் சாத்திவிட்டு, சாத்திய கதவைப் பார்த்தபடி நின்றாள்.

*

கடைசி நாள் நேலி நீலப் புடவை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டாள். ஜெனோ வீட்டில் இருந்தாள். கூட்டத்துக்குள் போக அவளுக்குப் பிடிக்காது. புதுப் பாட்டு ஒன்றைத் தொடங்கினாள், மூடினாள். தண்ணீர் குடித்தாள். மெத்தையை எடுத்துச் சன்னலைத் திறந்தாள், வெடிச்சத்தம் வந்ததும் மறுபடியும் சாத்தினாள். அக்கா விட்டுப்போன பழைய கைபேசியில் அத்தானின் செய்திகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"...இடையில டிக் டிக்குனு லைன் வேற கோளாறு..."

தரையில் அடித்துக்கொண்டிருந்த அவள் குதிகால் நின்றது.

மறுபடி போட்டுக் கேட்டாள். கொடியேற்றத்து நேரலைப் பதிவைத் தேடி எடுத்து, காதில் மாட்டி, வயலின் இருந்திருக்க வேண்டிய இடத்தில் கேட்டாள். பாட்டு, கீபோர்டு, கூட்டத்து இருமல். அதற்கு நடுவே, மெலிதாக, டிக். கை மேலே ஏறும் இடம். இறங்கும் இடத்தில் இன்னொரு டிக். அடி முடியும் இடத்தில் மூக்கால் ஒரு மூச்சு.

கூடத்துக்கு நேலியை நன்றாகத் தெரியும். ஆனால் மோதிரம் போட்ட நேலியைத் தெரியாது.

செருப்பில்லாமல் ஓடினாள். மைதானத்தில் இடிபட்டு, மன்னிப்புக் கேட்காமல், யாருடைய பலூனையோ உடைத்துக்கொண்டு, பீடத்துக்குப் பக்கத்தில் பாடகர் குழு நின்ற இடத்துக்கு வந்து சேர்ந்தாள். ரெமிஜியுஸ் கீபோர்டுக்கு முன்னால் விரல்களை நீவிக்கொண்டிருந்தார்.

"அக்கா... மோதிரம்" என்றாள். மூச்சு வாங்கியது. "மோதிரம் வெளிய கேக்கு. அத்தான் லைன் கோளாறுன்னு சொன்னாவல்லா, அது நீ. அதப் பெட்டி கழிக்கல. அதுக்குத் தெரியாது."

நேலி இடது கையைப் பார்த்தாள். பிறகு ரெமிஜியுஸைப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க அமுக்க வேண்டாம்."

"ஏ, வெளையாடாத! வெளிய ஒண்ணும் கேக்காது!"

"கேக்காட்டிப் போட்டும்."

"வேணும்னு தட்டாதக்கா" என்றாள் ஜெனோ. "எப்பவும் போல வாசி."

நேலி வாசித்தாள். ஜெனோ பத்தடி தள்ளி நின்று, ஒரு காதில் நேரலையும் மறு காதில் அக்காவுமாகக் கேட்டாள். மறு காதில் பாட்டு இருந்தது. உப்புக்காற்றில் கொஞ்சம் சுதி இறங்கி, எங்கேயும் துடைக்கப்படாமல், கண்ணில் நீர் வரவைக்கும்படி இருந்தது. நேரலைக் காதில் பெரிய வெறுமை. அந்த வெறுமைக்குள் டிக், டிக், ஒரு மூச்சு, வில் திரும்பும்போது ஒரு பிசிறு. வெளியே கூட்டம் முதலில் சலசலத்தது. "என்னடே, மறுபடியும் ஊமைப்படமா?" என்றது ஒரு குரல். பிறகு ஏனோ பீடத்துப் பக்கம் நெருங்கி நெருங்கி வந்தார்கள். பக்கத்தில் வந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். தள்ளி நின்றவர்களுக்குப் பாட்டு கேட்கவே இல்லை. தேர் சற்றுத் தாமதமாகத்தான் நகர்ந்தது.

"பங்குச்சாமி என்னத்தான் கேப்பாரு" என்று ரெமிஜியுஸ் கீபோர்டின் இணைப்பைப் பிடுங்கினார். ஆனால் போகும்போது நேலியின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

*

மறுநாள் காலை ததேயு அழைத்தான். ஜெனோவின் அறையில்தான் தொடர்பு நன்றாக இருக்கும் என்பதால் நேலி அங்கே வந்து, கைபேசியை மேசையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டாள். ஜெனோ மூலையில் கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"காய்ச்சல் விட்டுருச்சா?" என்றான்.

"ம்."

"விட்டாப்புலதான் தெரிஞ்சுது. நேத்து வாசிச்சியே."

நேலி சட்டென்று மேசையைப் பிடித்துக்கொண்டாள். "கேட்டுச்சா?"

"வயலினு கேக்கல. மோதிரம் கேட்டுச்சு. ரெண்டாவது அடியில மேல ஏறுவேல்லா, அங்க ஒரு டிக். எறங்கும்போது ஒண்ணு. அப்புறம் எப்பவும் போல மாடு மாதிரி மூச்சு. கூட இருந்த பயலுவ லைன் சரியில்லன்னு போனப் புடுங்க வந்தானுவ. நான் குடுக்கல. கூடவே பாடிட்டேன்."

"ஏங்க, நெசமாவா?"

"பின்ன? அந்த முப்பது வயலினு இதவிட நல்லாத்தான் இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்." எந்திர இரைச்சல் கொஞ்ச நேரம் ஓடியது. "ஆனா அதுல நீ மோதிரத்தக் கழட்டியிருந்த. ஏன் கழட்டுனேன்னு அன்னைக்கே கேக்க நெனச்சேன். கேக்கப் பயமா இருந்துச்சு."

நேலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று ஜெனோவுக்குத் தெரியவில்லை. "இந்தக் கழுதைதான் கழட்டச் சொன்னா" என்றாள் கடைசியில். மறுமுனையில் அவன் சிரித்த சத்தம் அறை முழுவதும் நிறைந்தது.

அழைப்பு முடிந்ததும் நேலி வயலினை எடுத்தாள். கொடியேற்றத்துக்குப் பிறகு முதல் முறையாக நிதானமாக உட்கார்ந்தாள். அதே பாட்டை, யாருக்கும் இல்லாமல், மெதுவாக வாசித்தாள். ஜெனோ கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். திறந்தபோது மடிக்கணினியின் ஓரத்தில் பச்சைக் கோடு ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. புதுப் பாட்டைத் தொடங்கி மூடியபோது அவள் பாட்டைத்தான் மூடியிருந்தாள், கூடத்தை மூடவில்லை. மைக் திறந்தே இருந்தது.

வாசிப்பு நின்றதும் கோடும் நின்றது. திரையில் ஒரு வரி வந்தது: 'புதிய பழக்கம் கண்டறியப்பட்டது. நேலியில் சேர்க்கவா?' கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றில் 'சேர்' என்று இருந்தது. மற்றதில் 'பிறகு சேர்'.

வேண்டாம் என்பதற்குப் பொத்தான் எங்கேயாவது இருக்கிறதா என்று ஜெனோ மேலும் கீழும் தேடினாள். அவள் குதிகால் மறுபடி தரையில் அடிக்கத் தொடங்கியது. நேலி எழுந்து வந்து, அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து அந்த வரியைப் படித்தாள்.

"சேத்துக்கிடட்டும்" என்றாள். "அடுத்த திருவிழாவுக்குள்ள நான் எதையாவது மாத்திருவேன்."

"எதக்கா?"

நேலி மேசையில் கிடந்த ஜெனோவின் காலுறை ஒன்றை எடுத்து மைக்கின் தலையில் மாட்டினாள். அதற்குப் பிறகும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்.

"எனக்குத் தெரிஞ்சா அதுக்கும் தெரிஞ்சிரும்லா."